மைனஸ் இருபது எந்த ஃபைலில்

எங்கள் ஆபீசில் நான்கு பேர். ஒவ்வொருவரும் மற்ற மூவரைச் சந்தேகப்பட்டால் மொத்தம் பன்னிரண்டு சந்தேகம் வரும். அந்த வாரம் பன்னிரண்டும் ஒரே ஆளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டன. அவன் பெயர் ஃபவாஸ். சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

ஆபீஸ் திருவொற்றியூர் டோல்கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, போட் எஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையும் கன்டெய்னர் லாரிகளுக்கு கேட் அனுமதி வாங்கித் தரும் சாஃப்ட்வேர் எங்களுடையது. லாரி நம்பர், பெட்டி நம்பர், உள்ளே என்ன சரக்கு, குளிர்சாதனப் பெட்டியானால் எத்தனை டிகிரி, எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் எழுதி கேட்டின் கம்ப்யூட்டருக்கு அனுப்புவோம். எந்த இடத்தில் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்று சொல்வது ஸ்கீமா. அது துறைமுகத்துக்காரர்கள் எழுதியது. எங்கள் வேலை கீழ்ப்படிவது.

ஸ்கீமா என்றால் ஒரு ஃபைல் இல்லை, நாற்பத்தோரு ஃபைல். முதல் ஃபைலிடம் போய் வெப்பநிலை என்றால் என்ன என்று கேட்டால் மூன்றாவதைக் கை காட்டும். மூன்றாவது, ‘பத்தொன்பதாவது சொன்னதுதான் எனக்கும்’ என்று சொல்லும். பத்தொன்பதாவதைத் திறந்தால், அது ஒரு வெப் முகவரியைக் கொடுத்து அங்கே விசாரித்துக்கொள்ளச் சொல்லும். ஜாதிச் சான்றிதழுக்காக தாலுகா ஆபீஸ் போய் வந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பிரச்சினை தெரிந்தது. இறால் ஏற்றிய குளிர்சாதனப் பெட்டிகள் எதற்கும் அனுமதி போகவில்லை. இறாலுக்கு மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. எதையும் கேட்டுக்கு அனுப்பும் முன் எங்கள் சர்வரே ஒருமுறை ஸ்கீமாவோடு ஒத்துப் பார்க்கும். அது, ‘மைனஸ் இருபதுக்குக் கீழே போகக்கூடாது’ என்று திருப்பிவிட்டது. திங்கட்கிழமையிலிருந்தே திருப்பிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்கு ஒருநாள் கழித்துத்தான் உறைத்தது.

துறைமுகத்தின் ஸ்கீமா மைனஸ் முப்பது வரை விடும். என் கம்ப்யூட்டரில் அதே ஃபைலைச் சோதித்தால் பாஸ். சர்வரில் ஃபெயில். எண்ணூர் ரோட்டில் லாரிகள் ஜெனரேட்டர் உறும நின்றுகொண்டிருந்தன. ராமசெல்வி அக்கா ஒவ்வொன்றையும் துறைமுகத்தின் வெப்சைட்டில் கையால் டைப் அடித்து அனுப்பினார். ஒரு லாரிக்கு இருபது நிமிடம். முதலாளியை விட்டால் அவர்தான் சீனியர். திருவொற்றியூர் குப்பத்துக்காரர், அப்பாவுக்கு இரண்டு ஃபைபர் போட் உண்டு. கோபம் வந்தால் கீபோர்டில் தெரியும்.

நாற்பத்தோரு ஃபைலிலும் மைனஸ் இருபதைத் தேடினேன். இல்லை. சர்வரில் இருந்த நாற்பத்தொன்றிலும் அக்கா தேடினார். இல்லை. எதையும் யாரும் மாற்றியதற்கான தேதிகூட இல்லை. சாதாரண மனிதர்கள் இதைக் கேட்டால் யாரும் மாற்றவில்லை போலிருக்கிறது என்று நினைப்பார்கள். நாங்களோ, மாற்றியவன் கைதேர்ந்தவன் என்று நினைத்தோம்.

எங்கள் முதலாளி காலித் பாய் கண்ணாடி கேபினிலிருந்து எழுந்து வந்தார். முப்பது வருஷம் பேப்பர் கட்டோடு துறைமுகத்துக்குள் நடந்தவர். கம்ப்யூட்டரைப் பிடிக்காது, ஆனால் அது பொய் சொல்லாது என்று நம்புவார்.

“ஸ்கீமான்றது கெஜட்டு மாதிரி நைனா,” என்றார். “அதுல எவன் கைய வெச்சானோ அவன் வெள்ளிக்கெழம சாய்ங்காலத்தோட வூட்டுக்குப் போவலாம்.”

சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை. அதிலும் ஃபவாஸ் உட்கார்ந்திருந்த பக்கத்தை ரொம்பக் கவனமாகப் பார்க்காமல் இருந்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. ஃபவாஸ் இதற்கு முன்பு தண்டையார்பேட்டையில் மஹீன் பாய் ஆபீசில் இருந்தான். இதே தொழில். மார்ச் மாதம் அங்கே ஏதோ குளறுபடி ஆகி ஐம்பது அறுபது லாரிகளின் தகவல் காணாமல் போனது. அவன்தான் செய்தான் என்று யாரும் சொல்லவில்லை. ‘வெலகிட்டான்’ என்று மட்டும் சொன்னார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தத் தொழிலில் ஆறே ஆபீஸ். ஆறு முதலாளிகளும் ஒருவருக்கொருவர் போட்டி, ஆனால் டீ ஒரே கடையில்தான். ஒருமுறை விலகியவனை இன்னொருவர் சேர்த்துக்கொள்வார். இரண்டு முறை விலகினால் ஆறு ஷட்டரும் கீழே இறங்கிவிடும். ஃபவாஸ் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் சொல்லியிருந்தான். இந்தத் தொழில் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாதாம். இதுவும் போனால் மணலி பக்கம் டேங்கர் லாரிக்கு ஹெல்பராகத்தான் போகணுமாம். சிரித்துக்கொண்டே சொன்னான். அப்போதே அந்தச் சிரிப்பைக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை எனக்குத் தோன்றியது.

அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். சந்தேகத்துடன் பார்க்க ஆரம்பித்தால் மனிதர்கள் எவ்வளவு ஒத்துழைக்கிறார்கள் என்பது ஆச்சரியம். நாங்கள் எல்லோரும் ஃபைல் ஃபைலாகத் தேடிக்கொண்டிருக்க, அவன் தேடவே இல்லை. முதல் ஃபைலைத் திறந்து, உதடு அசைய, நிக்காஹ் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி வரி வரியாகப் படித்தான். பிறகு பேப்பரில் ஒரு அம்புக்குறி போட்டான். பிறகு மூன்றாவது ஃபைல். இன்னொரு அம்புக்குறி. அக்கா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனபோது அவர் ஸ்கிரீனை மொபைலில் படம் எடுத்தான். சர்வரைத் தொட அவனுக்கு அனுமதி கிடையாது.

புதன்கிழமை பதினோரு மணிக்கு ஃபோனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனான். முந்தின நாளும் அதே நேரம் போயிருந்தான். நான் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறவன் போல ஒரு வெள்ளைத் தாளோடு பின்னால் போய், திருப்பத்தில் நின்றேன்.

“திங்கக்கிழம காலையில எத்தினி மணிண்ணே?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். “உங்கள யாராச்சும் பாத்தாங்களா? சரி, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

இதற்கு மேல் என்ன வேண்டும். வெள்ளைத் தாளோடு நேராகக் கண்ணாடி கேபினுக்குள் போனேன். ஃபோன் பேச்சு, படம் எடுத்தது, அம்புக்குறி, எல்லாவற்றையும் சொன்னேன். அம்புக்குறியைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்தினேன். காலித் பாய் நான் சொன்னதைவிட வெள்ளைத் தாளைத்தான் அதிகம் பார்த்தார், ஆதாரம் அதில் இருக்கிறது என்று நினைத்திருப்பார். உடனே மஹீன் பாய்க்கு ஃபோன் போட்டு, அந்தப் பையன் எப்படி என்று விசாரித்தார். மஹீன் பாய், ‘நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் பாய்’ என்று சொன்னாராம். எல்லாவற்றையும் சொல்லிவிடும் குரலில் சொன்னாராம். சாயங்கால டீயில் மற்ற நான்கு முதலாளிகளுக்கும் அது பரவியது. எங்கள் எக்ஸ்எம்எல் எதுவும் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

வியாழக்கிழமை மதியம் ஃபவாசுக்கே தெரிந்துவிட்டது. பழைய ஆபீஸ் தோஸ்து எவனோ ஃபோனில் கேட்டிருக்கிறான், ‘அங்கியுமா மாமு?’ என்று. ஃபவாஸ் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டான். என்னைப் பார்த்தான். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். ஸ்கிரீனில் பத்தொன்பதாவது ஃபைல் இருந்தது. எவ்வளவு முக்கியமான ஃபைல் என்று அப்போதுதான் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் ஃபவாஸ் அக்காவின் மேசைக்குப் போய் நின்றான்.

“அக்கா, சாய்ங்காலம் நான் போவப்போறேன்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தபா சர்வர்ல ஒண்ணு பாக்கணும். நான் தொட மாட்டேன். நீங்களே அடிங்க, நான் சொல்றேன்.”

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கும் சந்தேகம்தான். ஆனால் நான்கு நாளாக லாரிக்கு இருபது நிமிடம் டைப் அடித்த விரல்கள் சந்தேகத்தை விடப் பெரியவை.

“ஏதாச்சும் வெளாட்டு காட்டுன, போட்ல ஏத்திக்கினு போய் நடுக்கடல்ல வுட்டுருவேன்,” என்றார். “சொல்லு.”

நான் இருவருக்கும் பின்னால் காவலாக நின்றுகொண்டேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை.

ஃபவாஸ் அம்புக்குறித் தாளை மேசையில் விரித்தான். நாம் எல்லோரும் எந்த ஃபைலில் மைனஸ் இருபது இருக்கிறது என்று தேடுகிறோம், அது தப்பு என்றான். நம்மிடம் இருக்கிற ஃபைல்களில் தேடுகிறோம். சர்வர் அதைத்தான் படிக்கிறது என்று யார் சொன்னது. முதல் ஃபைல் மூன்றாவதைக் கூப்பிடுகிறது, மூன்றாவது பத்தொன்பதாவதை, பத்தொன்பதாவது வெப் முகவரியை. இது வரைக்கும் சரி. அந்த முகவரியைக் கேட்டுப் போகும்போது சர்வர் நேராகத் துறைமுகத்துக்குப் போகிறதா, இல்லை வழியில் யாராவது ‘இப்படிப் போ’ என்று திருப்பிவிடுகிறார்களா. அதைச் சர்வரிடமே கேட்போம். எந்தெந்த ஃபைலைத் திறந்தாய் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வைப்போம்.

அக்கா இரண்டு வரி அடித்தார். திங்கட்கிழமையின் இறால் லாரி ஒன்றை மறுபடி ஓட்டினார். சர்வர் திறக்கத் திறக்க ஸ்கிரீனில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தது. ஒன்று. மூன்று. பத்தொன்பது. அடுத்து வெப் முகவரி வரவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாத ஒரு ஃபோல்டர் வந்தது. சர்வரின் வேறொரு மூலையில், ரவிக்குமார் என்ற பெயரில்.

ரவிக்குமாரை எனக்குத் தெரியாது, கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு முன் இருந்தவர். இரண்டு வருஷம் முன்னால் துபாய் போய்விட்டார். ஃபோல்டருக்குள் துறைமுக ஸ்கீமாவின் பழைய காப்பி இருந்தது. அக்கா திறந்தார். மைனஸ் இருபது அங்கே, கால் மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. துறைமுகத்தில் அதை மைனஸ் முப்பது ஆக்கியது போன வருஷம். ரவிக்குமாரின் காப்பிக்கு யாரும் சொல்லவில்லை.

“திருப்பிவுட்டது எது?” என்றார் அக்கா.

அதுவும் கிடைத்தது. நான்கு வரி உள்ள ஒரு சின்ன ஃபைல். இந்த முகவரியை யாராவது கேட்டால் அந்த ஃபோல்டரைக் கொடு என்று அதில் எழுதியிருந்தது. கடைசியாக மாற்றப்பட்டது திங்கட்கிழமை, காலை எட்டு ஐம்பத்திரண்டு.

பிடித்துவிட்டோம் என்று நினைத்தேன். நிமிர்ந்து ஃபவாசைப் பார்த்தேன். அப்புறம்தான் கணக்கு உறுத்தியது. ஃபவாஸ் வண்ணாரப்பேட்டையிலிருந்து வருகிறவன், ஒன்பதரை. அக்கா ஒன்பதரை. நான் பத்து என்று சொல்லிக்கொண்டு பத்தேகால். எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஆபீசில் இருக்கக்கூடியவர், ஷட்டரைத் திறக்கிறவர் மட்டும்தான்.

மூன்று பேரும் கண்ணாடி கேபினைப் பார்த்தோம். உள்ளே காலித் பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குற்றவாளிகள் இப்படித்தான் சாவகாசமாக இருப்பார்கள்.

“மாரியப்பண்ணன் சொன்னாரு,” என்றான் ஃபவாஸ் மெதுவாக. மாரியப்பன், இறால் ஏற்றி வரும் டிரெய்லர்களில் ஒன்றின் டிரைவர். மாடிப்படி ஃபோன் அவருக்குத்தான். மைனஸ் பதினெட்டில் வரும் மீன் பெட்டிகள் மட்டும் எப்படிப் போகின்றன, எப்போதிலிருந்து இறால் நிற்கிறது என்று தினமும் அவரிடம் கேட்டிருக்கிறான். எல்லாம் திங்கட்கிழமை காலையிலிருந்துதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். தன் டிரெய்லரின் உயரமான பெட்டி டோல்கேட்டுக்கு அருகே ரோட்டுக்குக் குறுக்கே போன இன்டர்நெட் கேபிளை இழுத்து அறுத்ததும் அதே காலைதான், யாரிடமும் சொல்லாதே என்றும் சொல்லியிருக்கிறார். உயரப் பெட்டிகள் கேபிளை அறுப்பது எங்கள் ரோட்டில் மாதம் ஒருமுறை நடப்பது. இப்போது எங்களுக்கு இரண்டு லைன் இருப்பதால், ஒன்று அறுந்தாலும் தெரிவதே இல்லை.

அக்கா கேபினுக்குள் போய், திங்கட்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் ஏதாவது செய்தீர்களா பாய் என்று கேட்டார். காலித் பாய் முகம் மலர்ந்தது.

“பின்ன? வர்ற வழியிலியே பாத்தேன், கேபிளு ரோட்டுல கெடக்குது. வந்த ஒடனே பந்த் போட்டேன். நீங்கல்லாம் வர்றதுக்கு முன்னாடியே. ஆபீஸு ஒரு நிமிசமாச்சும் நின்னுச்சா?”

மூலையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில், ரவிக்குமார் அவருக்காகவே இரண்டு பட்டன் வைத்துக் கொடுத்திருந்தார். ஒன்று பந்த், அதாவது நிறுத்து; மற்றது சாலு, அதாவது ஓடட்டும். அப்போது லைன் ஒன்றே ஒன்று. கேபிள் அறுந்தால் துறைமுகத்தின் ஸ்கீமாவைப் படிக்க முடியாது, எல்லாம் நின்றுவிடும். அதனால் கேபிளைக் கீழே பார்த்தால் பந்த்தை அழுத்த வேண்டும், சர்வர் கையிருப்புக் காப்பிக்குப் போய்விடும். கேபிள் கட்டியதும் சாலு. காலையில் ஷட்டர் திறக்கிறவர் பாய் என்பதால் இதை அவருக்கு மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. ரவிக்குமார் போன பிறகு, ஷட்டர் திறக்கும் நேரத்தில் கேபிள் பாயின் கண்ணில் பட்டது இதுதான் முதல் தடவை. பாய் அதை ஃப்யூஸ் கேரியர் போல ஏதோ ஒன்று என்றுதான் நினைத்திருந்தார். ஸ்கீமாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவர் கனவில்கூட நினைக்கவில்லை.

“சாலு யாரு பாய் போட்டது?” என்றார் அக்கா.

“அத்த ரவி போடுவான்.”

“ரவி துபாய்ல கீறாரு பாய்.”

காலித் பாய் துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். வெளியே ஒரு டிரெய்லர் போனது, கேபின் கண்ணாடி அதிர்ந்தது. பிறகு எழுந்து மூலைக் கம்ப்யூட்டருக்குப் போய், ஒரு விரலால் சாலுவை அழுத்தினார். மூன்று நிமிடத்தில் ஏழு இறால் லாரிகளுக்கு அனுமதி போனது.

“சரி, வேலையப் பாருங்க நைனா,” என்றார் எல்லோரையும் பார்த்து. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு வேலையை விட்டுப் போவது யார் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை.

ஃபவாஸ் நகரவில்லை.

“மஹீன் பாய்க்கு ஒரு ஃபோன் போடுங்க பாய்,” என்றான். “ஸ்பீக்கர்ல.”

நான் கீழே போய் டீ வாங்கி வந்து அவன் மேசையில் வைத்தேன். என்னால் முடிந்தது அதுதான். அவன் டீயை எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, “இன்னா கலந்த?” என்றான். சர்க்கரை என்றேன். குடிக்கவில்லை. அக்கா எடுத்துக் குடித்துவிட்டார்.

காலித் பாய் ஃபோன் போட்டார். முப்பது வருஷத் தொழிலில் அவர் இவ்வளவு சிரமப்பட்டு ஒரு நம்பரை அழுத்தி நான் பார்த்ததில்லை. சலாம் சொல்லி, சுற்றி வளைத்து, கடைசியில் சொன்னார். பையன் ஒன்றும் செய்யவில்லை. தப்பு என்னுடையது. பையன்தான் கண்டுபிடித்தான். தங்கமான பையன்.

“இன்னா பாய்,” என்றார் மஹீன் பாய். “அவன எங்கிட்டயே திருப்பித் தள்ளப் பாக்குறியா?”

இல்லை என்றார் காலித் பாய். பையன் இங்கேயேதான் இருப்பான். அப்படியானால் எதற்கு இவ்வளவு புகழ்கிறாய் என்றார் மஹீன் பாய். பக்கத்தில் நின்று மிரட்டுகிறானா, ஏதாவது எழுதி வைத்துக்கொண்டு படிக்கிறாயா என்றும் கேட்டார். காலித் பாய் புகழப் புகழ நிலைமை மோசமானது. இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பார்கள். அக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஃபவாஸ் ஃபோனுக்கு அருகே குனிந்து சலாம் சொன்னான். காலித் பாய் பந்த் போட்டது, மைனஸ் இருபது பழைய காப்பியில் இருந்தது, அதை எந்த வரிசையில் போய்ப் பிடித்தோம் என்பது எல்லாவற்றையும் சொன்னான். குரலை உயர்த்தவில்லை. யாரையும் திட்டவில்லை. காலித் பாய் பெயர் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாகக் கடந்தான்.

அவன் முடித்ததும் மஹீன் பாய் ஒரே கேள்விதான் கேட்டார்.

“அப்ப மார்ச்ல நம்ம ஆபீஸ்லியும் அத்த நீ பண்ணலியா?”

“இல்ல பாய்.”

“அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னேன் பாய்.”

தண்டையார்பேட்டையில் ஏதோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. மஹீன் பாய் ‘சரி’ என்று சொல்லி வைத்துவிட்டார்.

“சரின்னா இன்னா சரி?” என்று காலித் பாய் எங்களைக் கேட்டார். நம்பிய சரியா, நம்பாத சரியா என்று அக்காவும் நானும் கொஞ்ச நேரம் வாதாடினோம். ஃபவாஸ் கலந்துகொள்ளவில்லை. பையை எடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, போகவும் இல்லாமல் இருக்கவும் இல்லாமல் நின்றான்.

ஐந்து மணிக்கு அவன் ஃபோன் அடித்தது. மஹீன் பாய். எங்கள் மூவர் முன்பாகவே எடுத்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, பையைக் கீழே வைத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“தேடாதீங்க பாய், தேடுனா கெடைக்காது,” என்றான். “மார்ச்ல இருந்த அந்த ஃபோல்டரு அப்படியே கீதா? சரி. மொத ஃபைலத் தொறங்க. மேல, அஞ்சாவது வரி. அது யாரக் கூப்டுது, அத்த மட்டும் படிங்க.”

அந்தப் பக்கம் மஹீன் பாய் ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க ஆரம்பித்தார். ஃபவாஸ் ஒரு புதுத் தாளை எடுத்து முதல் அம்புக்குறியைப் போட்டான்.